ஊறட்டும், உடு

அந்த அண்ணன் குனிந்து நான் பார்த்ததில்லை. கீழே விழுந்த சாவியைக் கால் விரல்களால் இடுக்கி, முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அங்கே வைத்துத்தான் கையால் வாங்கிக்கொள்வார். ஷூவுக்குக் கயிறு கட்ட வேண்டுமென்றால் காலைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைப்பார். "இடுப்பு ஒண்ணுதான் குடுத்திருக்கான். அத வெச்சித்தான் அறுவது வயசு வரைக்கும் ஓட்டணும்" என்பார். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், ஓசூரில் கியர் செய்யும் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்னறை, உள்ளறை, சமையலறை, பின்னால் பாத்ரூம். எல்லாருக்கும் ஷிஃப்ட் வேலை. ஒருவன் எழுந்து போகும்போது இன்னொருவன் வந்து படுப்பான். ஆகவே அந்த வீட்டில் எல்லாரும் விழித்திருந்த நேரம் என்று ஒன்று கிடையாது. வீட்டை யார் பெருக்குவது என்ற கேள்விக்கு மூன்று வருடமாகப் பதிலும் கிடையாது.

அண்ணன் போச்சம்பள்ளிப் பக்கத்துக்காரர். ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வார விடுமுறைக்குப் போய்வருவார். முன்னறையில் ஜன்னலோரமாக அவர் பாய் விரிக்கும் மூலை மட்டும் தூசி தும்பு இல்லாமல் பளிச்சென்று இருக்கும். மிச்ச இடமெல்லாம் எங்கள் மூன்று பேருடையது. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய் அவரிடம் காட்டுவார்கள். வாங்கிப் படிக்க அவர் எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரமே பால் அடிப்பிடித்துவிட்டது. பாத்திரத்தின் அடி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. கம்பி நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த அண்ணன் போர்வைக்குள் இருந்தே கேட்டார்.

"தம்பி, என்னாத்த அப்பிடிச் சொரண்டிகினு கெடக்கற?"

"பால் தீஞ்சிருச்சுண்ணே."

"அந்தப் பாத்திரம் உன்ன எதுனா திட்டுச்சா?"

"இல்லண்ணே."

"அப்பறம் எதுக்கு அதும்மேல அவ்ளோ கோவம்? ரெண்டு ஸ்பூன் ஆப்ப சோடா போடு, தண்ணி ஊத்து, அடுப்புல வெச்சி ஒரு கொதி வரட்டும். எறக்கி வெச்சிட்டு வேலைக்குப் போ. ஊறட்டும், உடு."

சாயங்காலம் வந்து பார்த்தேன். கருப்பு முழுவதும் அப்பளம் மாதிரி பெயர்ந்து தண்ணீரில் மிதந்தது. ஒரு அலசு. பாத்திரம் பளபளவென்று ஆகிவிட்டது. நான் காலையில் நாரால் தேய்த்த இடத்தில் மட்டும் கீறல்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். சட்டைக் காலர் அழுக்கா? ஊறட்டும், உடு. அடுப்பு பர்னரில் எண்ணெய்ப் பிசுக்கா? ஊறட்டும், உடு. அறையில் இரண்டு பேர் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறார்களா? அதற்கும் அதுதான் மருந்து.

அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். "அழுக்கு எடுக்கறதுக்கு மூணு ஆளுங்க இருக்காங்க தம்பி. தண்ணி, வெயிலு, நேரம். மூணு பேரும் சம்பளமே கேக்க மாட்டாங்க. அவங்கள வேலைக்கு உட்டுட்டு நம்ம மேஸ்திரியா இருந்துக்கணும். நீ என்னடான்னா ஆளுங்கள உக்கார வெச்சிட்டு நீயே செங்கல் தூக்கற."

ஓசூரின் போர்வெல் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். குழாய் மூக்கில் உப்பு வெள்ளையாகப் பாறை கட்டும். எங்கள் கம்பெனி கேன்டீனில் வியாழக்கிழமை எலுமிச்சை சாதம். பிழிந்து போடும் மூடிகளையெல்லாம் சமையல்காரரிடம் சொல்லி வைத்து ஒரு பை நிறைய வாங்கி வருவார் அண்ணன். குழாய் மூக்கில் மூடியைக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் கவர் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். மறுநாள் காலையில் பெருவிரலால் ஒரு தேய், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். முதல் தடவை குழாயைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்பா, கொழாய்க்கு என்னா, ஜொரமா? கட்டு போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஆமாங்கம்மா. காலைல எறங்கிடும்" என்றார் அண்ணன்.

காலையில் வந்து பார்த்தார். குழாயைத் திருகினார். முகத்தைக் குழாயில் பார்த்துக்கொண்டார். "பாகுந்தே!" என்று தெலுங்கில் மெச்சிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் ஏழு வீட்டுக் குழாய்களுக்கும் ஜுரம்.

மின்விசிறி துடைப்பது மட்டும் அண்ணனுக்குப் பிடித்த வேலை. மேலே பார்த்துச் செய்யும் வேலை எல்லாமே நல்ல வேலை என்பது அவர் கொள்கை. ஸ்டூலில் ஏறி, பழைய தலையணை உறையை ஒரு இறக்கையில் சட்டை மாதிரி மாட்டுவார். வெளியிலிருந்து அழுத்திப் பிடித்து உருவுவார். அத்தனை தூசியும் உறைக்குள் போய்விடும். கீழே ஒரு பொட்டு விழாது. நாங்கள் துடைத்தால் விசிறியில் இருக்கும் தூசி எங்கள் தலையில் இருக்கும், பிறகு சோற்றில் இருக்கும். அலமாரியின் தலையில் பழைய பேப்பரை விரித்து வைத்துவிடுவார். மாதம் ஒருமுறை அதை அப்படியே மடித்து வெளியே போட்டுவிட்டு வேறு பேப்பர் விரிப்பார். துடைக்கிற வேலையே இல்லை.

எங்கள் கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. ஜப்பானிலிருந்து வந்த முறை. வேண்டாததை வெளியே தள்ளு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடைத்து வை என்பது போல ஐந்து விதிகள். மாதா மாதம் ஆடிட் வரும். உபயோகமில்லாத பொருள் கண்ணில் பட்டால் அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள் யாரும் அதைத் தேடி வராவிட்டால் பொருள் வெளியே போய்விடும். எங்களுக்கெல்லாம் அது தலைவலி. அண்ணனுக்கு அதுதான் வேதம்.

"இருக்கறதுலயே சுலுவான சுத்தம் எது, சொல்லு? பொருளே இல்லாம பண்றதுதான். பொருள் இல்லைன்னா தூசி எங்க போயி உக்காரும்?"

கம்பெனியில் மிஞ்சிய சிவப்புச் சீட்டுகளைக் கொண்டுவந்து வீட்டிலும் கட்ட ஆரம்பித்தார். மூடி இல்லாத குக்கர், முள் இல்லாத கடிகாரம், எவனோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. எங்களில் ஒருவன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து சாயங்காலம் வரை தூங்கினான். எழுந்து பார்த்தால் கால் கட்டைவிரலில் சிவப்புச் சீட்டு தொங்குகிறது.

"என்னண்ணே இது!"

"ஒரு மாசம் பாப்பேன். யாரும் தேடி வரலைன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்ருவேன்."

ஆடிட்டில் அவருக்குப் பரிசு கிடைக்க வேண்டிய மாதம் ஒன்று இருந்தது. மெஷினுக்கு அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆடிட் அன்றைக்குக் காலையில் எல்லாரும் மண்டிபோட்டு இரண்டு மணி நேரம் துடைப்போம். அண்ணன் எப்போதோ மெஷினுக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்திருந்தார். அன்று காலால் பழைய அட்டையை இழுத்து, காலாலேயே புது அட்டையைத் தள்ளிவிட்டார். மேனேஜர் வந்து பார்த்து அசந்துவிட்டார்.

"பிரமாதம். எவ்வளவு நேரம் துடைச்சீங்க?"

"துடைக்கல சார்."

"பின்னே?"

"அட்டைய மாத்தினேன் சார். அர நிமிசம்."

மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. பரிசு, பக்கத்து மெஷினில் சட்டை முழுக்க வேர்வையாய் நின்றவருக்குப் போயிற்று. வெளியே வந்ததும் நான் சண்டைக்கே போனேன். "ரெண்டு மணி நேரம்னு சொன்னா என்னண்ணே?" அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "பொய் சொன்னா அத ஞாபகம் வெச்சிக்கணும் தம்பி. அது ஒரு தனி வேல."

எல்லாரும் அவரை மெச்சினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது நான் அண்ணனின் புகழை ஆரம்பித்தேன். அவர் மனைவி, அந்த அண்ணி, கிணற்றடியில் மலை மாதிரி கிடந்த துணியைக் காட்டினார்.

"ஆமாந்தம்பி, நல்லாத்தான் ஊற வெப்பாரு. ஊற வெச்சிட்டு ஓசூர் பஸ்ஸு ஏறிடுவாரு. ஊறினத அலசறது யாரு? ஒணத்தறது யாரு? ஆளில்லாத மேஸ்திரி எங்கனா பாத்திருக்கியா? நான்தான் அந்த ஆளு."

அண்ணன் கட்டிலில் படுத்தபடி உத்திரத்தையே பார்த்தார்.

இனி உங்கள் தாத்தா வந்த கதைக்கு வருகிறேன்.

எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் அருப்புக்கோட்டையில் அப்பா வீட்டில், நான் ஓசூரில். கூட இருந்த இரண்டு பேரும் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரம்மா அந்த வீட்டை எனக்கே குடும்பத்தோடு இருக்கத் தர ஒத்துக்கொண்டார். அண்ணனும் செவ்வாய்க்கிழமை வேறு அறைக்கு மாறுவதாக ஏற்பாடு. உங்கள் அம்மா வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

உங்கள் தாத்தா மளிகைக் கடைக்காரர். பருப்பு மூட்டைக்குள் கையை விட்டுத் தூசி பார்த்தே பழகியவர். வெள்ளிக்கிழமை போனில் கூப்பிட்டார்.

"மாப்ள, தப்பா நெனக்காதீங்க. பயலுக கெடந்த வீடு. நான் ஒரு எட்டு வந்து பாத்துட்டுத்தான் பிள்ளைய அனுப்புவேன். திங்கக்கெழம காலைல வாறேன். வீடு தோதுப்படலைன்னா பிள்ள இங்கிட்டே இருக்கட்டும். ஒரு வருசம் போகட்டும், அப்பறம் பாப்போம்."

ஒரு வருடம்! சனிக்கிழமை எனக்கு செகண்ட் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரிவுக்கு மட்டும் அவசர ஆர்டர் என்று ஓவர்டைம் போட்டிருந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மற்றதையாவது ஏதோ செய்துவிடலாம், அந்தப் பாத்ரூமை என்ன செய்வது? அதன் தரை ஒரு காலத்தில் என்ன நிறத்தில் இருந்தது என்பது வீட்டுக்காரம்மாவுக்கே மறந்துவிட்டது. உப்புத் தண்ணீர், சோப்பு, எங்கள் கைகளிலிருந்து போன மெஷின் எண்ணெய் எல்லாம் சேர்ந்து மூன்று வருடத்தில் தோல் மாதிரி படிந்திருந்தது.

அண்ணனிடம் போய் நின்றேன். அழவில்லை, அவ்வளவுதான்.

"ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் வாங்கிட்டு வந்து ஊத்திப் பாக்கட்டுமாண்ணே?"

அண்ணன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா அழுக்கு போறதுக்கு முன்னாடி ஆளு போயிடுவான். அந்தப் புகைய மோந்தவன் பொழைக்கறதே பெருசு. அந்தப் பேச்சே இந்த வீட்டுல வேணாம்." இதை மட்டும் நீங்களும் சிரிக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மறுபடி படுத்துக்கொண்டு சொன்னார். "நீ ஞாயித்துக்கெழம வேலைக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு லீவாச்சே. ஊருக்குப் போகலையா?"

"ஊரு எங்க போவுது? நீ இங்க இருந்தீன்னா தேய்ப்ப. நீ தேய்க்கறதப் பாத்தா எனக்கு இடுப்பு வலிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. பத்தடி நடந்திருப்பேன். "மாப்ள!" என்று ஆகாயத்திலிருந்து ஒரு குரல். அண்ணாந்து பார்த்தால் ஒரு லாரி. முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் உங்கள் தாத்தா.

"நம்ம கடைக்குச் சரக்கு எறக்குற லாரி. ஓசூருக்குத் தக்காளி ஏத்த வருது. அதுலயே ஏறி வந்துட்டேன். ஒரு நா முந்திப் பாத்தா என்ன, வீடு எங்கிட்டும் ஓடியா போயிரும்?"

எனக்கு ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. அவர் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். கதவைத் திறந்தேன்.

ஜன்னல் கண்ணாடிகளில் ஈரப் பேப்பர் ஒட்டியிருந்தது. சமையலறைச் சுவரிலும் மேலிருந்து கீழ்வரை பேப்பர். மின்விசிறி மூன்று இறக்கைக்கும் உறை மாட்டிக்கொண்டு நின்றது. குழாய்களுக்கெல்லாம் கட்டு. அடுப்பு பர்னர்கள் ஒரு வாளியில் மூழ்கிக் கிடந்தன. சுவரோரம் ஒரு அடி விட்டுத் தரை முழுக்க, ஒரு விரல் கனத்துக்கு, ஈரமான மரத்தூள். கம்பெனியில் எண்ணெய் கொட்டினால் மரத்தூளைப் போட்டு உறிஞ்ச வைப்போம், அதே வழி. நாலு பக்கமும் மரத்தூள், நடுவில் ஒரு பாய். பாயில் அண்ணன், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நல்ல தூக்கத்தில்.

செருப்பைக் கழற்றப் போன உங்கள் தாத்தா அப்படியே நின்றார்.

"மாப்ள, வீட்டுக்குள்ள ஆசாரி வேல நடக்குதா?"

"இல்ல மாமா. சுத்தம் பண்ணிட்டு இருக்கோம்."

"யாரு பண்றா?"

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். அந்தக் கண் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தது.

"வாங்கய்யா. இன்னும் நாப்பது நிமிசம் இருக்குது. தூள் மேல மட்டும் கால வெச்சிடாதீங்க. எண்ணெயக் குடிச்சிகினு இருக்குது."

"தம்பி, தரையக் கழுவலையா?"

"கழுவிகினுதான்யா இருக்குது."

"எது?"

"அதுவே."

உங்கள் தாத்தா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் ஒரு வருடம் இரண்டு வருடமாக நீண்டுவிட்டது.

பாத்ரூமைப் பார்க்க வேண்டும் என்றார். அதன் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "அது கடைசிலங்கய்யா, இப்ப தெறக்கக் கூடாது" என்றார் அண்ணன். உங்கள் தாத்தாவுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டினார். சுவரோரமாக நடந்து பின்பக்கம் போனார். கட்டு போடாமல் விட்டிருந்த ஒரு குழாயைக் கண்டுபிடித்து, தேங்காய் நாரையும் செங்கல் தூளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாயை விட்டு எழுந்து, தூளை எட்டித் தாண்டி, சுவரோரமாகவே வந்து சேர்ந்த அண்ணன் பின்வாசற்படியில் நின்று பார்த்தார். நார் ஒவ்வொரு தடவை உரசும்போதும் அவர் கை தன் இடுப்புக்குப் போயிற்று.

"ஐயா, உட்டுடுங்க. நீங்க தேய்க்கறீங்க, எனக்கு இங்க புடிச்சி இழுக்குது."

"நாப்பது வருசமா இப்படித்தான் தம்பி தேய்ச்சிருக்கேன்."

"அதாங்கய்யா, பாத்தாலே தெரியுது."

நாற்பது நிமிடம் ஆயிற்று. உங்கள் தாத்தாவின் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. குழாய் பாதி வெள்ளை, பாதி கீறல். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஸ்திரி மாதிரி நின்று, ஒவ்வொன்றாக என்னை எடுக்கச் சொன்னார். பக்கத்துக் குழாயின் கட்டை அவிழ்த்தேன். எலுமிச்சை மூடி தொப்பென்று விழுந்தது. பெருவிரலால் தேய்த்தேன். வெள்ளி மாதிரி மின்னியது. உங்கள் தாத்தா தன் குழாயைப் பார்த்தார், இதைப் பார்த்தார், கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

ஜன்னல் பேப்பரை உரித்தால் பழைய பெயின்ட் பொட்டெல்லாம் அதோடு வந்தது. விசிறி உறையைக் கழற்றினால் இறக்கைக்கு நீலக் கரை போட்டிருப்பதே அன்றுதான் தெரிந்தது. நீளக் கம்பில் கட்டிய விளக்குமாற்றால் மரத்தூளைத் தள்ளினேன். கருப்புச் சிமெண்ட் தரை பளிங்கு போல வந்தது. உங்கள் தாத்தாவின் முகம் கொஞ்சம் இளகியது. அந்த இரண்டு வருடம் ஆறு மாதமாகக் குறைந்தது போல எனக்குத் தோன்றியது.

அப்புறம் சமையலறைச் சுவர். அடுப்புப் புகையும் எண்ணெயும் ஏறிய சுவருக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பேப்பரை ஒட்டியிருந்தார். எண்ணெய் வந்தது. கூடவே சுண்ணாம்பும் பாளம் பாளமாக வந்தது. பேப்பரிலிருந்த எழுத்து அத்தனையும் சுவரில் பதிந்து, இடம் வலமாக மாறி நின்றது.

அண்ணன் முதல் தடவையாகக் கையைப் பின்னாலிருந்து எடுத்துத் தலையில் வைத்தார். "இது சுண்ணாம்புச் சொவருன்னு நான் யோசிக்கல தம்பி."

உங்கள் தாத்தா சுவருக்குப் பக்கத்தில் போனார். கண்ணைச் சுருக்கினார். "மாப்ள, மொகம் பாக்குற கண்ணாடி இருந்தா எடுத்தாங்க."

என் ஷேவிங் கண்ணாடியைக் கொடுத்தேன். அதைச் சுவருக்கு எதிரே பிடித்து, நிதானமாக, சத்தமாக வாசித்தார். "நல்ல குடும்பம், நிரந்தர வேலை, சொந்த வீடு, கெட்ட பழக்கம் எதுவுமில்லாத மணமகன் தேவை."

கண்ணாடியைக் கீழே இறக்கி, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"அண்ணே," என்றேன் மெதுவாக, "பேப்பர்ல எத்தனையோ பக்கம் இருக்கு. இதுதான் கெடச்சுதா?"

"வெளையாட்டுப் பக்கம் ஜன்னலுக்குப் போயிடுச்சி தம்பி."

"அந்தப் பாத்ரூமத் தொறங்க" என்றார் உங்கள் தாத்தா.

இனி எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் என்று மூவருக்குமே தெரிந்தது. அண்ணன் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். உங்கள் தாத்தா உள்ளே போனார். விளக்குப் போட்டார். குழாயைத் திறந்தார், மூடினார். நான் அருப்புக்கோட்டையை நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"நீங்க போயிப் பாருங்க மாப்ள."

போனேன். தரையில் வெள்ளைக்கு நடுவே சின்னச் சின்னதாய்க் கருப்பும் சிவப்பும் கல். மொசைக்! மூன்று வருடம் மொசைக் மேல் நின்று குளித்திருக்கிறோம், தெரியாது. மூலை முடுக்கு, தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி, வாளி வைக்கும் இடம், எங்கும் ஒரு கறை இல்லை. எந்தச் சோடாவும் எந்த எலுமிச்சையும் இதைச் செய்யாது என்று எனக்கு உறைத்தது. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இரண்டு பிரஷ். ஒன்று முடியெல்லாம் போய் வெறும் கட்டையாக இருந்தது. புதிதாக வாங்கிய மற்றொன்று பாதி தேய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் நான்காக மடித்த ஒரு சாக்கு. சாக்கில் இரண்டு முழங்கால் குழி.

வெளியே உங்கள் தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுக்கு என்னத்த ஊத்துன?"

"ஆப்ப சோடாவும் எலுமிச்சையும்ங்கய்யா. காலைல ஊத்தி வெச்சேன். மத்தியானம் தண்ணி ஊத்தினேன். போயிடுச்சி."

"தேய்க்கவே இல்ல?"

"தேய்க்கறதா? நானா?" அண்ணன் சிரித்தார்.

பர்னரைத் துடைத்து மாட்டி, இருவருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினேன். வாங்குவதற்கு அவர் கையை முன்னால் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். விரல் முட்டிகள் எல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தன. உங்கள் தாத்தா அந்தக் கையைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பி, எழுத்து பதிந்த சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"போகும், போகும். ஊற வெச்சாப் போகத்தான செய்யும்" என்றார். டீயைக் குடித்து முடித்தார். "மாப்ள, புதன்கெழம நல்ல நாளா இருக்கு. பிள்ளையக் கூட்டியாறேன். அதுக்குள்ள இந்தச் சொவத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சிருங்க. அவளும் கண்ணாடி வெச்சு வாசிச்சுறப் போறா."

செவ்வாய்க்கிழமை அண்ணன் பெட்டியோடு கிளம்பினார். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"என்னண்ணே, இடுப்பா?"

"ஒரே பக்கமாப் படுத்துத் தூங்கிட்டேன் தம்பி. புடிச்சிகிச்சி."

புதன்கிழமை உங்கள் அம்மா வந்தாள். பெட்டியை வைத்ததும் நேராகப் பாத்ரூமுக்குத்தான் போனாள். அவள் அப்பாவின் மகள் அல்லவா? வெளியே வந்து, "இத யாருங்க இப்படித் தேச்சது?" என்று கேட்டாள். "நானா?" என்று அண்ணன் சிரித்த முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. "யாரும் தேய்க்கல. சோடாவும் எலுமிச்சையும் போட்டு ஊற வெச்சதுதான்" என்றேன். உங்கள் தாத்தா பக்கத்தில்தான் இருந்தார். துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். இன்றுவரை அவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து உங்கள் அம்மா வாரா வாரம் பாத்ரூம் தரையை ஊற வைக்கிறாள். காலையிலிருந்து மத்தியானம் வரை போதவில்லை என்று இப்போதெல்லாம் சனிக்கிழமை இரவே ஊற்றி வைத்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, "அந்த மாதிரி வரவே மாட்டேங்குது. சோடா எல்லாம் கலப்படம்" என்கிறாள். கடையை மாற்றிப் பார்த்தாள். நாட்டு எலுமிச்சை வாங்கிப் பார்த்தாள். நாம் வீடு மாறினோம், தண்ணீரும் மாறிற்று. ஒவ்வொரு ஞாயிறும் நான் அதைக் கேட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறேன்.

படித்து முடித்ததும் இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டாமல் இருக்க உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுங்கள். அன்றைக்கு எனக்கு ஓவர்டைம்; ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு விடியும் முன்னே கிளம்பிவிடுவேன்.